லேசர் ஒளியால் தங்க நானோ துகள்களைக் கண்ணாடியில் பதித்தல்: உதகை, கொடைக்கானல் ஆய்வகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நீரில் மிதக்கும் ஒரு தங்க நானோ துகளைக் குவிந்த லேசர் ஒளியால் தள்ளிச் சென்று, கண்ணாடிப் பரப்பில் நாம் குறித்த இடத்திலேயே ஒட்டவைக்கும் முறைக்கு ஒளி அச்சிடல் என்று பெயர். 2010ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஃபெல்ட்மான் குழுவினர் இம்முறையால் தனித்தனித் தங்கத் துகள்களை 50 நானோமீட்டர் துல்லியத்துடன் பதித்துக் காட்டினர். பின்னர் அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸில் ஸ்டெஃபானி குழுவினர் இதை மேலும் செம்மைப்படுத்தினர். வடிவம் வெட்டிய மறைப்புத் தகடோ வெற்றிட அறையோ தேவைப்படாததால், மைக்ரோஸ்கோப்பும் நல்லதொரு லேசரும் உள்ள எந்த ஆய்வகத்திலும் இதைச் செய்ய இயலும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் இந்த வேலையைத் தொடங்கும் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. சமவெளி ஆய்வகங்களுக்காக எழுதப்பட்ட செய்முறைகளை இங்கே அப்படியே பின்பற்றினால் சில இடங்களில் அவை பிசகும். அந்த இடங்களை ஆங்காங்கே குறித்துள்ளேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் லேசரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் கணிப்பில், இந்தச் சோதனையின் வெற்றியும் தோல்வியும் லேசர் இயங்குவதற்கு முன்பே கண்ணாடியின் மின்னூட்டத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

செயல்படும் விசைகள்

ஒளி தான் படும் பொருளைத் தள்ளும். வால்மீனின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதைக் கண்டு கெப்ளர் ஊகித்த இத்தள்ளலை, 1901ஆம் ஆண்டு ருஷ்ய இயற்பியலாளர் லெபெதெவ் ஆய்வகத்தில் அளந்து காட்டினார். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் சூரியனை முறையாக நோக்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். லேசர் ஒளியால் நீரிலுள்ள நுண்கோளங்களைத் தள்ளவும் பிடிக்கவும் முடியும் என்பதை 1970இல் ஆர்தர் ஆஷ்கின் நிறுவினார். அவ்வழியே 1986இல் உருவான ஒளி இடுக்கி, 2018இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது.

நம் சோதனையில் மூன்று விசைகள் உள்ளன. முதலாவது ஒளியின் தள்ளுவிசை. 532 நானோமீட்டர் பச்சை லேசரை ஒரு மில்லிவாட் திறனில் எடுத்து, ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புள்ளியாகக் குவித்தால், அதன் நடுவிலுள்ள செறிவு பூமியை வந்தடையும் சூரிய ஒளியின் செறிவைப்போல் அறுபது லட்சம் மடங்கு இருக்கும். 60 நானோமீட்டர் தங்கத் துகளின் பிளாஸ்மான் ஒத்ததிர்வு, அதாவது அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து மிக வலுவாக அதிரும் நிலை, நீரில் 535 நானோமீட்டரை ஒட்டி அமைவதால், அத்துகள் பச்சை ஒளியை மிக வலுவாக உள்வாங்கியும் சிதறடித்தும் தள்ளப்படுகிறது. அப்படியும் அந்த விசை அரை பிக்கோநியூட்டனுக்கு மேல் போவதில்லை.

இரண்டாவது, துகளுக்கும் பரப்புக்கும் இடையிலான மின்விலக்கம். இரண்டும் எதிர்மின்னூட்டம் (நெகட்டிவ்) பெற்றிருந்தால் துகள் பரப்பை நெருங்க முடியாது. மூன்றாவது வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு, அதாவது மிக நெருங்கிய பொருள்களுக்கிடையே இயல்பாக எழும் ஈர்ப்பு. இது சில நானோமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே வலுப்பெறும், ஆனால் வலுப்பெற்றுவிட்டால் துகளை விடாது. மேட்டின் உச்சிவரை வண்டியைத் தள்ளிவிட்டால் மறுபுறச் சரிவில் அது தானே உருண்டு இறங்குவதைப்போல, மின்விலக்கம் என்னும் மேட்டை ஒளி கடக்கவைத்ததும் மீதியை வான் டெர் வால்ஸ் விசை பார்த்துக்கொள்கிறது. மேடு தாழ்வாக இருந்தால் லேசர் இல்லாமலேயே துகள்கள் கண்ட இடத்தில் ஒட்டும். மிக உயரமாக இருந்தால் எவ்வளவு நேரம் தள்ளினாலும் ஒன்றும் ஒட்டாது.

முதற்படி: துகள்கள்

தொடக்கத்தில் சிட்ரேட் பூச்சுள்ள 60 நானோமீட்டர் தங்கக் கூழ்மத்தை விலைக்கு வாங்குவதே சிக்கனம். ஒளி அடர்த்தி (கூழ்மம் ஒளியை மறைக்கும் அளவு) 1 உள்ள அத்தகைய கூழ்மத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 2000 கோடி துகள்கள் இருக்கும். அதைப் பத்து மடங்கு நீர்த்தால் துகள்களுக்கிடையே சராசரியாக 8 மைக்ரோமீட்டர் இடைவெளி கிடைக்கும், இது அச்சிடத் தோதான அடர்த்தி. இதைவிடச் செறிவாக விட்டால் ஒரே புள்ளியில் இரண்டு துகள்கள் வந்து சேரும். மிக நீர்த்துவிட்டால் ஒவ்வொரு துகளுக்கும் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

சொந்தமாகத் தயாரிக்க விரும்புவோர் உயரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1951இல் டர்கெவிச் விவரித்த முறையில், கொதிக்கும் குளோரோ ஆரிக் அமிலக் கரைசலில் சிட்ரேட் சேர்க்கப்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலும், சுமார் 2130 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலும் நீர் 93 டிகிரிக்கு அண்மையிலேயே கொதித்துவிடும். திறந்த குடுவையில் அதற்கு மேல் வெப்பநிலை ஏறாது என்பதால், எதிர்வினையின் வேகம் குறைந்து, துகளின் அளவும் நூல்களிலுள்ள செய்முறையில் சொன்னபடி அமையாமல் போகும். இதற்கு எளிய மாற்று உண்டு. பாஸ்டூஸும் அவருடைய கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்ட விதைவழி வளர்ச்சி முறையில் வளர்ச்சிப் படிகள் 90 டிகிரியில் நடைபெறுகின்றன. நம் மலைகளில் அந்த வெப்பநிலையைக் கொதிக்கவிடாமல் நிலையாக வைத்திருக்க முடியும். சிறு துகள்களிலிருந்து படிப்படியாக வளர்ப்பதால் 60 நானோமீட்டரிலும் துகள்கள் ஒரே சீரான அளவில் அமைகின்றன.

கூழ்மத்தை ஒருபோதும் உறையவிடக் கூடாது. உறைந்த தங்கக் கூழ்மம் உருகும்போது துகள்கள் திரண்டு, சிவப்பு நிறம் நீலமாகவும் சாம்பலாகவும் மாறிவிடும். அதை மீட்க வழியில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் சன்னலோர மேசை குளிர்பதனப் பெட்டியைவிடக் குளிர்ந்துவிடுவதுண்டு. பாட்டிலை 4 டிகிரியில் நிலைநிறுத்திய பெட்டிக்குள் வைப்பதே பாதுகாப்பு.

இரண்டாம் படி: கண்ணாடியின் மின்னூட்டம்

மூடுகண்ணாடிகளை முதலில் காரச் சோப்புக் கரைசலில் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, அசிட்டோனிலும் ஒருமுறை அலசி, நைட்ரஜன் வாயுவால் உலர்த்த வேண்டும். காற்றுப் பிளாஸ்மா கருவி இருந்தால் இறுதியாகச் சில நிமிடங்கள் அதற்குள் வைக்கலாம். சுத்தமான கண்ணாடியில் விட்ட நீர்த்துளி உருண்டு நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும். மூடுபனி நாட்களில் உலர்த்திய கண்ணாடியை அப்படியே மேசையில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அதன்மேல் ஈரம் படியும். ஆகவே உடனடியாக அடுத்த வேலைக்குப் போங்கள், இல்லையேல் சிலிக்கா ஜெல் இட்ட டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடுகலத்தில்) வையுங்கள்.

நீரிலுள்ள வெறுங்கண்ணாடியும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். ஆனால் அதன் அளவு கண்ணாடிக்குக் கண்ணாடி, ஏன் ஒரே கண்ணாடியிலேயே இடத்துக்கு இடம், வேறுபடுகிறது. அதனால் பலபடி மின்பகுளிகளை (மின்னூட்டம் தாங்கிய நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை) இரண்டு அடுக்காகப் பூசுவது வழக்கம். பாலிடயலைல்டைமெத்தில் அம்மோனியம் குளோரைடு என்னும் நேர்மின்னூட்டப் பலபடியை மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் அரை மோலார் உப்புநீரில் கரைத்து, அதில் கண்ணாடியைக் கால் மணி நேரம் அமிழ்த்துங்கள். நீரில் நன்றாக அலசிய பிறகு, அதே செறிவில் சோடியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் கரைசலில் இன்னொரு கால் மணி நேரம் அமிழ்த்தி மீண்டும் அலசுங்கள். முதல் அடுக்கு கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும், இரண்டாவது அதன்மேல் சீரான எதிர்மின்னூட்டத்தைத் தரும். இடையில் அலசுவதில் அவசரப்படாதீர்கள். அலசல் குறைந்தால் இரு பலபடிகளும் நீரிலேயே பிணைந்து வெண்திட்டுகளாகப் பரப்பில் படியும், பிறகு அவை மைக்ரோஸ்கோப்பில் துகள்களைப்போலவே மினுங்கிக் குழப்பும்.

இப்போது பரப்பைச் சோதியுங்கள். நீர்த்த கூழ்மத்தை அதன்மேல் விட்டு, லேசரை அணைத்தே வைத்து, அரை மணி நேரம் இருள்புல மைக்ரோஸ்கோப்பில் (துகள்கள் சிதறடிக்கும் ஒளி மட்டும் தெரியும் மைக்ரோஸ்கோப்பில்) கவனியுங்கள். தனித்த 60 நானோமீட்டர் தங்கத் துகள் கரிய பின்புலத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும், இடைவிடாது துடித்து அலையும், குவியத்துக்குள் வந்து பின் மங்கி மறையும். அசைவற்று நிற்கும் பச்சைப் புள்ளி ஒவ்வொன்றும் தானாக ஒட்டிய துகள். பார்வைப் புலம் முழுவதிலும் அத்தகைய புள்ளிகள் ஓரிரண்டுக்குள் இருந்தால் பரப்பு நல்ல நிலையில் உள்ளது. நேரமாக ஆக அவை பெருகினால், அந்தக் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு இரண்டாவது பூச்சை மறுபடி செய்யுங்கள்.

மின்விலக்கத்தின் எட்டத்தை நுணுக்கமாகத் திருத்தும் கருவி சாதாரண சோடியம் குளோரைடு. மின்விலக்கம் தேய்ந்து மறையும் தொலைவான டிபை நீளம், 0.1 மில்லிமோலார் உப்புக் கரைசலில் சுமார் 30 நானோமீட்டர், ஒரு மில்லிமோலாரில் சுமார் 10, பத்து மில்லிமோலாரில் சுமார் 3. ஒரு மில்லிமோலாரில் தொடங்குவது நல்லது. எவ்வளவு நேரம் ஒளியூட்டியும் துகள் ஒட்டவில்லை என்றால் லேசர் திறனைக் கூட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு, உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை கூட்டிய பின்னும் லேசர் இல்லாத அரை மணிச் சோதனையைத் திரும்பச் செய்வது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அதைத் தவிர்ப்பவர்கள் பிறகு எந்தத் துகள் ஒளியால் ஒட்டியது, எது தானாக ஒட்டியது என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பார்கள். உப்பு அளவு மீறினால் துகள்கள் ஒன்றோடொன்று திரளத் தொடங்கும். இருள்புலத்தில் பச்சைப் புள்ளிகளுக்கிடையே செம்மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் தென்படுவது அதன் முதல் அறிகுறி.

மூன்றாம் படி: ஒளியமைப்பு

தொடர் ஒளி தரும் 532 நானோமீட்டர் லேசர், ஒளிக்கற்றையை விரிக்கும் வில்லை இணை, கணினியால் திறந்து மூடும் ஷட்டர், எண் துளை (ஒளியைத் திரட்டிக் குவிக்கும் திறனின் அளவு) 1.0 உள்ள நீர்மூழ்கு பொருள்வில்லை, இருள்புலக் குவிப்பான், மின்னழுத்தத்தால் நானோமீட்டர் அளவில் நகரும் பீசோ மேடை, வண்ணக் கேமரா ஆகியவை தேவை. இவற்றோடு துகளிலிருந்து பொருள்வில்லைக்கே திரும்பிவரும் பின்சிதறல் ஒளியை அளக்கும் ஒளியுணரி ஒன்றும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

திண்ம நிலைப் பச்சை லேசர்கள் வெப்பநிலைக்கு மிகவும் கூருணர்வு உடையவை. உள்ளிருக்கும் டயோடின் அலைநீளம் குளிரில் நகர்ந்துவிடுவதால், காலையில் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் இயக்கிய லேசரின் திறன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள லேசரையே வாங்குங்கள். அதையும் ஒரு மணி நேரம் முன்பே இயக்கி, பொருள்வில்லைக்குப் பின் பவர் மீட்டரை வைத்து, திறன் நிலைத்ததை உறுதிசெய்த பின்பே அச்சிடத் தொடங்குங்கள். மலிவான பச்சை லேசர் சுட்டிகள் இதற்கு உதவா. அவற்றில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி வடிகட்டப்படாமல் கசிவதும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே ஆபத்தானது. ஐந்து மில்லிவாட்டுக்கு மேற்பட்ட லேசரை இயக்கும்போது அதன் அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கடிகாரமும் மோதிரமும் கழற்றப்பட வேண்டும்.

பொருள்வில்லைகளில் பூஞ்சை படர்வது மலை ஆய்வகங்களின் தீராத தலைவலி. மைக்ரோஸ்கோப் அலமாரிக்குள் சிறிய குண்டு பல்பு ஒன்றை எரியவிடும் பழைய வழக்கம் இன்றும் பயன் தருகிறது. உள்காற்றை வெளிக்காற்றைவிடச் சில டிகிரி சூடாக வைத்திருந்தாலே ஈரம் படியாது.

நான்காம் படி: தள்ளும் திசை

லேசர் துகளைத் தான் செல்லும் திசையிலேயே தள்ளும் என்பதை மறந்துவிட்டு, கூழ்மத்தை இட்டு வைக்கும் சிறு மாதிரி அறையை வடிவமைப்பவர்கள் பலர். மேலிருந்து நோக்கும் மைக்ரோஸ்கோப்பில் பொருள்வில்லையைக் கூழ்மத்துக்குள் அமிழ்த்தினால், ஒளி கீழ்நோக்கிச் சென்று துகளைத் தொட்டியின் அடியிலுள்ள கண்ணாடியில் பதிக்கும். கீழிருந்து நோக்கும் மைக்ரோஸ்கோப்பிலோ, ஒளி அடிக் கண்ணாடி வழியாக நுழைந்து துகளை அதிலிருந்து விலக்கி மேலே கொண்டுசெல்லும். அங்கே பதிய வேண்டிய பரப்பு அறையின் மேற்கண்ணாடியே. பலபடிப் பூச்சு அதில் இருக்க வேண்டும், அறையின் உயரமும் பொருள்வில்லையின் வேலைத் தொலைவுக்குள் (வில்லைக்கும் குவியத்துக்கும் இடையிலான தொலைவுக்குள்) அடங்க வேண்டும்.

ஐந்தாம் படி: தொடக்கத் திறனைக் கண்டறிதல்

லேசர் குவியத்தைப் பரப்பின்மேல் அமைத்து, மிகக் குறைந்த திறனில் தொடங்குங்கள். ஓரிடத்தில் ஷட்டரைத் திறந்து ஒரு நிமிடம் காத்திருங்கள். துகள் பதிந்தால் பின்சிதறல் ஒளி ஒரே தாவலில் உயர்ந்து அந்த மட்டத்திலேயே நிற்கும்; குவியத்தைக் கடந்துபோகும் துகள் சிறு துடிப்பை மட்டும் காட்டி மறையும். பதியவில்லை என்றால் திறனைச் சிறிது கூட்டி, வேறொரு புதிய இடத்தில் முயலுங்கள். துகள்கள் பதியத் தொடங்கும் அந்த எல்லைத் திறனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துல்லியம் வேண்டுமானால் இந்த எல்லையை ஒட்டியே வேலை செய்ய வேண்டும். எல்லைக்குச் சற்று மேலான திறனில், ஒளிக்கற்றையின் நடுப்பகுதியில் மட்டுமே மேட்டைக் கடக்கப் போதிய விசை இருக்கும், ஆகவே துகள் நடுவில்தான் பதியும். திறனை இரட்டித்தால் கற்றையின் விளிம்பிலும் அந்த விசை கிடைத்துவிடும். துகள்கள் விரைவாகப் பதியும், ஆனால் ஒழுங்கின்றிச் சிதறும். அவசரக்காரர்கள் வேகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பீசோ மேடையைக் குறை சொல்வதுண்டு.

இங்கே காத்திருப்பு நேரம் சமவெளியைவிடக் கூடுதலாகவே இருக்கும். 15 டிகிரி நீரின் பாகுநிலை 30 டிகிரி நீரைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு அதிகம். சென்னையில் துகள்கள் குவியத்தைத் தேடி வரும் வேகம் இங்குள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு.

ஆறாம் படி: வரிசையாகப் பதித்தல்

ஐந்துக்கு ஐந்து என்னும் சிறு சதுரக் கட்டத்தில், மூன்று மைக்ரோமீட்டர் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். மேடையை நகர்த்து, ஷட்டரைத் திற, தாவலைக் கண்டதும் மூடு, அடுத்த இடத்துக்குப் போ என்பதே கணினிக்குத் தர வேண்டிய கட்டளை வரிசை. தாவலைக் கண்ட பிறகும் ஷட்டர் திறந்திருந்தால், அதே புள்ளிக்கு இரண்டாவது துகளும் வந்து சேரக்கூடும். பதிந்த துகளும் வீணாகச் சூடேறும். காலை வெயில் சன்னலில் ஏறும் நேரத்தில் அறை வெப்பநிலை விரைந்து மாறி மேடை நகரும். முதலில் பதித்த துகளையே அடையாளமாகக் கொண்டு, சில துகள்களுக்கு ஒருமுறை அதன் இருப்பிடத்தைக் குறைந்த திறனில் சரிபார்த்துக் கணினியில் திருத்தம் செய்யுங்கள்.

ஏழாம் படி: இரண்டு துகள்களை நெருக்கமாக வைத்தல்

இடைவெளி அரை மைக்ரோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது புதிய சிக்கல் ஒன்று தலைதூக்கும். முதல் துகளிலிருந்து சுமார் 300 நானோமீட்டருக்குள் அதே பச்சை ஒளியால் இரண்டாவது துகளைப் பதிக்க முயன்றால், அது கிட்டே வராமல் விலகிவிடும். காரணம் வெப்பம். தங்கத் துகள் தான் உள்வாங்கிய ஒளி அனைத்தையும் வெப்பமாக்குகிறது. குவியத்தின் நடுவிலுள்ள 60 நானோமீட்டர் துகள், ஒரு மில்லிவாட் திறனில், நீரில் மட்டும் இருப்பதாகக் கொண்டால் சுமார் 300 டிகிரி சூடேறும் என்று எளிய கணக்கே காட்டுகிறது. குவியத்தை 300 நானோமீட்டர் தள்ளி வைத்தாலும், ஒளிக்கற்றையின் விளிம்பு முதல் துகளின்மேல் பட்டு அதைப் பல பத்து டிகிரி சூடாக்கும். அதனால் அதைச் சுற்றி உருவாகும் வெப்பநிலைச் சரிவு, புதிதாக வரும் துகளை ஒதுக்கித் தள்ளுகிறது.

ஸ்டெஃபானி குழுவினர் இதற்கு இரண்டு தீர்வுகளைக் காட்டினர். ஒன்று, வெப்பத்தை விரைவாகக் கடத்தும் பரப்பைப் பயன்படுத்துவது: கண்ணாடியைவிடப் பல மடங்கு வெப்பங்கடத்தும் சஃபையர் என்னும் படிகத்தின்மேல் பதித்தால் முதல் துகளின் சூடு பரப்புக்குள் வடிந்துவிடும். மற்றொன்று, பதிந்த துகள் குறைவாக உள்வாங்கும் நிறத்தில் இரண்டாவதைத் தள்ளுவது: தங்கமும் வெள்ளியும் வெவ்வேறு நிறங்களில் ஒத்ததிர்வதால், தங்கத்துக்கு ஒத்த பச்சை ஒளியைக் கொண்டு, ஏற்கெனவே பதிந்த வெள்ளித் துகளைச் சூடாக்காமல் அதன் அருகிலேயே தங்கத் துகளைப் பதிக்கலாம். சஃபையர் தகடு விலை அதிகம், பூச்சும் அதற்கேற்பப் புதிதாகத் திருத்தப்பட வேண்டும். இரண்டு உலோகங்களைக் கையாள்வது தொல்லை என்றாலும் தொடக்க நிலையில் அவ்வழியையே நான் பரிந்துரைப்பேன்.

எட்டாம் படி: அலசுதல், சரிபார்த்தல்

அச்சிட்டு முடித்ததும் கூழ்மத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கண்ணாடியை உலரவிடக் கூடாது. அப்படிச் செய்தால், பதியாமல் மிதந்த துகள்களும் உப்பும் பின்வாங்கும் நீர்விளிம்போடு சேர்ந்து பரப்பில் படிந்துவிடும். பரப்பு எப்போதும் நனைந்திருக்கும்படி ஒருபுறம் தூய நீரை விட்டுக்கொண்டே மறுபுறம் பழைய நீரை எடுங்கள். மிதக்கும் துகள் ஒன்றுகூட இருள்புலத்தில் தெரியாத நிலை வந்த பின் உலர்த்துங்கள். வான் டெர் வால்ஸ் விசையால் பதிந்தவை இந்த அலசலில் பெயர்வதில்லை.

இருள்புலப் படத்தில் புள்ளியின் நிறம் ஒரு துகளா, திரளா என்று சொல்லிவிடும். ஆனால் இருப்பிடத் துல்லியத்தை உறுதிசெய்ய எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். அதற்குக் கண்ணாடியில் மின்கடத்தும் மெல்லிய பூச்சு முன்கூட்டியே இருந்தாக வேண்டும். இந்தியம் டின் ஆக்சைடு பூசிய மூடுகண்ணாடியில் தொடங்கினால் பின்னால் சிரமம் இல்லை. அச்சிட்ட இடத்தைச் சுற்றி வைரமுனையால் ஒரு கீறல் குறி இட்டுவையுங்கள். இல்லாவிட்டால் ஒரு சென்டிமீட்டர் கண்ணாடியில் பத்து மைக்ரோமீட்டர் கட்டத்தைத் தேடியே கருவிக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும்.

மாதிரியைக் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ கொண்டுசெல்லும்போது காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். மலைக்குளிரில் இருந்த கண்ணாடியைச் சமவெளியின் ஈரக்காற்றில் உடனே திறந்தால் அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். பெட்டி அறை வெப்பநிலைக்கு வரும்வரை ஒரு மணி நேரமாவது மூடியே இருக்கட்டும். படம் எடுத்தபின், ஒவ்வொரு துகளின் நடுப்புள்ளியையும் கணினியில் குறித்து, நினைத்த கட்டத்தோடு பொருத்தி, இரு அச்சுகளிலும் திட்ட விலக்கத்தைத் தனித்தனியே கணக்கிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் லேசர் திறன். ஒன்று மட்டும் நீண்டிருந்தால் மேடையின் நகர்வையோ, ஒளிக்கற்றை வட்டமாக இல்லாததையோ தேடிச் சரிசெய்யுங்கள்.